பழைய மோரிஸ், எம்ஜி கார்களுக்கு பிரேக் லைட் சுவிட்ச்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மோரிஸ் மைனர், பழைய மினி, ஆரம்பகால எம்ஜிபி. இந்த மூன்றிலும் பிரேக் லைட் சுவிட்ச் பெடலுக்குப் பக்கத்தில் இருக்காது. பிரேக் பைப்கள் பிரிகிற பித்தளை இணைப்பில் (யூனியன்) திருகியிருக்கும். பிரேக் ஆயிலின் அழுத்தம் உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தை (வளையும் மெல்லிய சவ்வு) தள்ள, ஒரு சின்னப் பித்தளைத் தகடு இரண்டு முனைகளையும் இணைக்கிறது. அவ்வளவுதான் சாமான். அந்தக் காலத்து லூகாஸ் கம்பெனி சுவிட்ச் பல வருடம் உழைத்தது. இப்போது கடைகளில் கிடைக்கும் பெயரில்லாத நகல் சில மாதங்களிலேயே கண்ணை மூடிவிடுவதுண்டு.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 21 வாட் பல்பு இரண்டு, மொத்தம் 42 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். இழை குளிர்ந்திருக்கும்போது முதல் கணத்தில் பாய்வது இதைப்போலப் பல மடங்கு. அழுத்தமோ மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. தகடு சட்டென்று ஒட்டாது, சட்டென்று விலகாது. ஒவ்வொரு முறையும் பொறி பறந்து கரி படிகிறது. அதனால் சுவிட்ச் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால்தான் லைட் எரியும். அடுத்து மங்கலாக எரியும். முனைகளுக்கு நடுவே அரை ஓம் தடை ஏறினாலே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. பின்னால் வருகிறவருக்கு அது டெயில் லைட்டா பிரேக் லைட்டா என்று தெரியாது.

புதுசு வாங்குவதற்கு முன் சோதித்துவிடுங்கள். இக்னிஷனை ஆன் செய்து, சுவிட்சில் இருக்கும் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுங்கள். ஒன்று முழுப் பச்சை, மற்றது பச்சையில் ஊதாக் கோடு. லைட் பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். எரியாவிட்டால் இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் செத்திருந்தால் பச்சை ஒயருக்கான ஃபியூஸ். தொட்டும் மங்கலாகவே எரிந்தால் டெயில் லேம்ப் எர்த்தில் துரு. ஒயரைக் கழற்றும்போது முனைகளைச் சுற்றி ஈரம் தெரிந்தால், டயாஃப்ரம் கிழிந்து ஆயில் கசிகிறது என்று பொருள். நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி உள்ள (ஒற்றைச் சர்க்யூட்) காரில் இது லைட் பிரச்சினை அல்ல, பிரேக்கே போகிற பிரச்சினை. மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இனி வாங்குவது. மலிவு நகலை மட்டும் தனியாக வாங்குவது வீண்செலவு. அமெரிக்கக் கார் உதிரிபாகக் கடைகளில் குறைந்த அழுத்தத்திலேயே எரியும் ரகம் ஒன்று கிடைக்கிறது, ரான் பிரான்சிஸ் கம்பெனியின் எஸ்டபிள்யூ-32. மரை பழைய சுவிட்சில் உள்ள அதே எட்டில் ஒரு அங்குல என்பிடி (சரிவான அமெரிக்கப் பைப் மரை), அங்குலத்துக்கு 27 மரை. காலை லேசாக வைத்தாலே எரிவதால் நகரத்து மெதுவான ஓட்டத்துக்கு இதுவே என் தேர்வு. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் சுவிட்சை மட்டும் ஏமாந்து வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அதன் மரை பத்து மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. ஓரிரு சுற்று சுகமாக ஏறி, பிறகு பிடித்துக்கொள்ளும். பலவந்தமாகத் திருகினால் பித்தளை யூனியனின் மரை போய்விடும்.

மாட்டுவது அரைமணி வேலை. மாஸ்டர் சிலிண்டர் மூடிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து மூடினால் ஆயில் ஒழுகுவது குறையும். புதுச் சுவிட்சின் துளையில் ஆயில் சொட்டவிட்டு நிரப்பிக்கொண்டு, பழையதைக் கழற்றியதும் இதை ஏற்றிவிடுங்கள். கடைசிச் சுற்றுக்கு முன் ஒருவர் பெடலை மெல்ல அழுத்திப் பிடித்திருக்க, மரையோரம் குமிழி வெளியேறி ஆயில் மட்டும் கசிந்ததும் இறுக்குங்கள். டெஃப்லான் டேப் வேண்டாம். மரை சரிவானது, தானாகவே அடைக்கும். டேப் துணுக்கு பைப்புக்குள் போனால் வேறு வம்பு. பெயின்ட்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு துடைத்துவிட்டு, பெடலை அரை நிமிடம் பலமாக மிதித்து வைத்து, விரலால் தடவிக் கசிவு பாருங்கள். பெடல் பஞ்சுபோல இருந்தால் காற்று மிச்சம் இருக்கிறது, முழுசாக ஏர் எடுக்கத்தான் வேண்டும்.

எந்தச் சுவிட்சை வாங்கினாலும் கூடவே ஒரு நாலு பின் ரிலே வாங்குங்கள். சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச் அது; பின்களில் எண் போட்டிருக்கும். சுவிட்சுக்கு வந்த பச்சை ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து 30-க்கு, பல்புகளுக்குப் போகும் பச்சை-ஊதா 87-க்கு, சுவிட்சின் வெளிவரும் முனை 86-க்கு, 85 எர்த்துக்கு. இப்போது சுவிட்ச் சுமப்பது ஏறக்குறைய 0.15 ஆம்பியர்தான், நகல்கூடத் தாக்குப்பிடிக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைத்த (பாசிட்டிவ் எர்த்) காருக்கு, உள்ளே டையோடு வைத்த ரிலேயை அப்படியே மாட்டினால் ஷார்ட் ஆகும். ரெசிஸ்டர் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். எல்இடி பல்பு போடுகிறவர்களும் துருவம் பார்க்க வேண்டும், சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே போட வேண்டும்.

ஹைட்ராலிக் வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு, பெடலில் மாட்டும் மெக்கானிக்கல் சுவிட்ச் உண்டு. பிற்கால எம்ஜிபிக்குத் தொழிற்சாலையே அதற்கு மாறிவிட்டது. பிராக்கெட் செய்கிற வேலை கொஞ்சம் அதிகம். சுவிட்சின் முனை பெடலை முழுசாகத் திரும்பவிடாமல் தாங்கிப் பிடித்தால் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நாலு சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் சுவிட்சை இரண்டு மரை பின்னுக்கு இழுக்க வேண்டும்.