ரத்னா கஃபே, திருவல்லிக்கேணி - எங்க பாட்டிக்குப் பிடிச்ச கடை

1948ல ஆரம்பிச்ச கடைங்க இது, அப்போ எங்க பாட்டிக்கு 17 வயசு, கல்யாணமாகி திருவல்லிக்கேணிக்கு வந்த புதுசு. போன மாசம் 94 வயசுல போய்ச் சேர்ந்தாங்க. காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பினதும் நாங்க பேரப்புள்ளைங்க மட்டும் நேரா இங்கதான் வந்தோம், வேற எங்க போறதுன்னு யாரும் யோசிக்கவே இல்ல.

இட்லி சாம்பார்தான் இங்க பேர் போனது. இட்லி ரெண்டும் முழுகுற அளவுக்கு சாம்பார் ஊத்துறாங்க, லேசா தித்திப்பு, நல்ல கெட்டி, கேட்கக் கேட்க திரும்ப ஊத்துவாங்க, முகம் சுளிக்க மாட்டாங்க. பாட்டி உடனே சாப்பிடவே மாட்டாங்க, ஸ்பூனால இட்லிய நாலா வெட்டி விட்டுட்டு, சாம்பார் உள்ள வரைக்கும் இறங்கட்டும்டின்னு காத்திருப்பாங்க, கடைசி காலத்துல பல்லு ஒண்ணு கூட இல்லாதப்பவும் இந்த ஒரு ஐட்டம் மட்டும் அவங்களுக்கு ஒத்துக்கிச்சு. அப்பா வயித்துல இருந்தப்போ எதைச் சாப்பிட்டாலும் வாந்தியாம், தாத்தா தூக்குல இந்த சாம்பார வாங்கிட்டு வந்து சோத்துல ஊத்திக் கொடுத்தாராம், அத சொல்றப்பல்லாம் பாட்டிக்கு வெக்கம் வந்துரும். அஞ்சு புள்ளைங்களையும் தனியாளா கரை சேர்த்த மனுஷி, தனக்குன்னு ஆசைப்பட்டு கேட்டது இது ஒண்ணுதான்.

ஃபில்டர் காபியும் நல்லாருக்கு. பார்த்தசாரதி கோயிலுக்கு வர்றவங்க தரிசனம் முடிச்சுட்டு காலையிலயே போயிடுங்க. பார்சல் வேணாம், சூடா அங்கயே உக்காந்து சாப்பிடுங்க, வயசானவங்க வீட்ல இருந்தா கூட்டிட்டுப் போங்க.