தம்புராவை விழுங்காத மென்பொருள்: ஒரு பாடகியின் ஓபிஎஸ் ஸ்டுடியோ அனுபவம்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து 2021 தை மாதம் தொடங்கி இதுவரை 31 கச்சேரிகளை இணையத்தில் நேரலையாகப் பாடியிருக்கிறேன். அத்தனையும் காட்சியையும் ஒலியையும் நேரலையாக அனுப்பவும் பதிவு செய்யவும் உதவும் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருள் வழியாகத்தான் போயின. இது முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணினியில் விளையாடுவதை நேரலையில் காட்டுபவர்களுக்கு இது பல ஆண்டுகளாகப் பழக்கம். பாட்டுக்காரர்கள் வட்டத்தில் இதைச் சொல்லித்தர ஆள் குறைவு என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

2020 மார்கழியில், கொரோனாவால், மியூசிக் அகாடமி உட்பட சென்னை சபாக்களே இணையத்துக்குப் போய்விட்டன. ஊரில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கோயில் கச்சேரியும் இல்லை, கல்யாணக் கச்சேரியும் இல்லை. அந்த மார்கழியில் ஒரு வீடியோ அழைப்புச் செயலியில் உறவினர்களையும் மாணவிகளையும் கூட்டி, தம்புராச் செயலியை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடினேன். சஹானா ராகத்தை நிதானமாக, இடைவெளி விட்டு விட்டுத்தான் பாடினேன். மறுநாள் டொரண்டோவிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். "ஏனம்மா, சுருதி வைத்துக்கொள்ளாமலா பாடினாய்? நீ நிறுத்துகிற இடத்திலெல்லாம் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஒரே நிசப்தம்" என்றார். என் பக்கத்தில் தம்புரா ஐந்தரைக் கட்டை சுருதியில் கணீரென்று ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. மாறாமல் தொடர்ந்து வரும் ஓசையை மின்விசிறிச் சத்தம் போன்ற இரைச்சல் என்று கருதி அழித்துவிடுவது பேச்சுக்காக அமைந்த அழைப்புச் செயலிகளின் இயல்பு. தம்புரா என்பதே மாறாமல் தொடரும் ஓசைதானே. என் சஹானாவுக்கு அடியில் விரித்திருந்த பாயை யாரோ உருவிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஜூமில் இசைக்கலைஞர்களுக்கென்றே 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். இன்றும் என் வகுப்புகளை அதில்தான் நடத்துகிறேன். ஆனால் கச்சேரி என்று வரும்போது ஓபிஎஸ் வேறு தரம். காரணம் எளிமையானது: நாம் சொல்லாதவரை அது ஒலியைத் தொடாது. இரைச்சல் நீக்கும் வடிகட்டி அதிலும் உண்டு. நாமாகச் சேர்த்தால்தான் வேலை செய்யும். நான் சேர்ப்பதில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டே பாடுகிறேன். தம்புராவின் பஞ்சமம் லண்டனிலும் கேட்கிறது.

ஒலி அளவைக் காட்டும் பட்டை மூன்று நிறங்களில் இருக்கும். கழித்தல் 20 டெசிபல் வரை பச்சை, கழித்தல் 9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பேசுகிறவர்கள் மஞ்சளில் நின்றால் போதும். நமக்கு அப்படியில்லை. மந்திர (கீழ்) ஸ்தாயியில் முணுமுணுக்கும் குரலும் தார (மேல்) ஸ்தாயி பஞ்சமமும் ஒரே ராகத்தில் வரும். அதனால் ஒத்திகையில் நான் மேல் பஞ்சமத்தில் ஒரு நீண்ட கார்வை பிடித்து, அது சிவப்பின் தொடக்கத்தைத் தொடுமாறு வைத்துக்கொள்கிறேன். பிறகு மிருதங்கக்காரர் ஒரு மோரா (மூன்று முறை வரும் முடிப்புக் கோர்வை) முழுக்க வாசிக்க வேண்டும். ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் 'லிமிட்டர்' என்ற வடிகட்டியை மட்டும் பாதுகாப்புக்குப் போட்டு வைக்கிறேன். அதுவும் அபூர்வமாகத்தான் வேலை செய்ய வேண்டும். அடிக்கடி வேலை செய்கிறது என்றால் அளவு தப்பாக வைத்திருக்கிறோம் என்று பொருள்.

நான் இந்த மென்பொருளுக்கு அடிமையானது தாளத்தால்தான். முதல் கச்சேரியின் பதிவைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆதி தாளத்தில் பல்லவி எடுத்திருந்தேன். தாளம் தொடங்கும் இடமான சமத்தில் என் கை தொடையில் விழுவதற்கு முன்பே மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) கேட்டுவிடுகிறது. பாட்டு சரியாக இருக்கிறது, வாசிப்பு சரியாக இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் நான் தாளம் தப்பியவளாகத் தெரிகிறேன். கேமரா காட்சியைத் தாமதமாக அனுப்புகிறது, மைக் ஒலியை உடனே அனுப்பிவிடுகிறது. பேட்டி கொடுப்பவருக்கு இது பெரிய குறை இல்லை. கையில் தாளம் போட்டுப் பாடுகிற மரபில் இது அவமானம்.

ஓபிஎஸ்ஸில் ஒலிக்கான மேம்பட்ட அமைப்புகளில் 'சிங்க் ஆஃப்செட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மில்லி விநாடிக் கணக்கில் ஒலியைப் பின்னுக்குத் தள்ளலாம். அக்கா மகள் பொறியியல் படிக்கிறவள். கேமரா முன் என்னை உட்காரவைத்து, "சித்தி, கையை நன்றாக ஓங்கித் தட்டுங்கள்" என்றாள். பத்து முறை தட்டினேன். பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்து 180 என்று எழுதினாள். மறுபடி தட்டினேன். கை தொடையைத் தொடுவதும் ஓசை வருவதும் ஒன்றாகின. என் கேமராவுக்கும், மைக்குகளைக் கலக்கும் மிக்சருக்கும் உரிய எண் அது. உங்களுடையது வேறாக இருக்கும். கேமராவை மாற்றினால் மறுபடி தட்டிப் பார்த்தாக வேண்டும்.

பக்கவாத்தியக்காரர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடி வாசிக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். நான் முயலவில்லை, பரிந்துரைக்கவும் மாட்டேன். ஒலி காற்றில் பத்து மீட்டர் கடக்க ஏறக்குறைய 30 மில்லி விநாடி ஆகிறது. அதற்கு மேல் தாமதித்தாலே காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) மெல்ல மெல்ல இழுக்கத் தொடங்கும். வீட்டு இணைய இணைப்பில் அந்த எல்லைக்குள் நிற்பது அரிது. எங்கள் வயலின் அம்மா திருவையாற்றிலிருந்து பஸ் ஏறி வருகிறார், மிருதங்கம் சார் மன்னார்குடியிலிருந்து வருகிறார். மூவரும் ஒரே பாயில் உட்காருகிறோம். மூன்று மைக்கையும் ஒரு சிறு மிக்சரில் கலந்து கணினிக்குக் கொடுக்கிறோம். அப்படிக் கலந்த பிறகு வயலினை மட்டும் ஓபிஎஸ்ஸில் ஏற்ற இறக்க முடியாது. ஆகவே கலவையை ஒத்திகையிலேயே முடித்துவிடுங்கள்.

கச்சேரியை அமைப்பதில் நான் கற்றுக்கொண்டது, 75 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது. சனிக்கிழமை மாலை ஆறரைக்குத் தொடங்குகிறேன். சிங்கப்பூரில் அப்போது இரவு ஒன்பது மணி, லண்டனில் குளிர்காலமானால் பிற்பகல் ஒரு மணி, டொரண்டோவில் காலை எட்டு. வர்ணத்தைச் சுருக்கி, பிரதான ராகத்தை நாற்பதாவது நிமிடத்துக்குள் எடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு உருப்படிக்கும் ராகம், தாளம், இயற்றியவர் பெயரை முன்கூட்டியே தமிழில் தட்டச்சு செய்து தனித்தனிக் காட்சியாக வைத்துக்கொள்ளலாம். பாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் கணினியை இயக்கும் பெண் ஒரு சொடுக்கில் மாற்றுகிறாள். பாட்டுக்கு நடுவில் நான் அறிவிப்பு செய்ய வேண்டியதில்லை, சுருதியில் இருந்து எழுந்து வரவேண்டியதும் இல்லை.

அரட்டைப் பெட்டியைப் பாடும்போது பார்க்காதீர்கள். யூடியூப் நேரலை பல விநாடிகள் தாமதமாகத்தான் போய்ச் சேரும். நீங்கள் கல்பனா ஸ்வரத்தில் ஒரு குறைப்பு போட்டு முடித்ததற்கான 'பேஷ்', அடுத்த பாட்டின் பல்லவியில் வந்து விழும். மனம் கலைந்துவிடும்.

இனி மின்சாரம். 2023 ஆடியில் மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் கரண்ட் போயிற்று. மடிக்கணினியின் பேட்டரி பழையது, அதுவும் அணைந்தது. நேரலை அறுந்ததைவிட, பதிவும் போயிற்றே என்றுதான் நொந்தேன். ஆனால் கோப்பு முழுதாக இருந்தது. ஓபிஎஸ்ஸில் பதிவை எம்கேவி வடிவில் வைத்துக்கொண்டால், நடுவில் நின்றாலும் அதுவரை பதிவானது தப்பும். சாதாரண எம்பி4 ஆக இருந்திருந்தால் கோப்பே திறந்திருக்காது. பின்னர் அதிலேயே சில விநாடிகளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. மிருதங்கம் சார் வாசித்த அந்த மிஸ்ர நடை (ஏழு ஏழாகப் பிரியும் கணக்கு) இன்று என் மாணவிகளுக்குப் பாடமாக இருக்கிறது. நேரலை தொடங்கும்போதே பதிவும் தானாகத் தொடங்கும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. இன்றே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

குறைகளையும் சொல்கிறேன். கைப்பேசியில் இது வேலை செய்யாது, கணினி கட்டாயம். பாடுகிறவர் தானே இயக்க முடியாது, நம்பிக்கையான இன்னொரு ஆள் வேண்டும். முதன்முதலில் திறந்ததும் வெறும் கறுப்புத் திரை தெரியும். எங்கே தொட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குப் பிடிபட மூன்று வாரம் ஆயிற்று, வயதான வித்வான்களுக்கு நிச்சயம் உதவி தேவைப்படும். பழைய கணினி சூடாகி விசிறி சத்தமிடத் தொடங்கினால் அது மைக்கில் ஏறும். நான் கணினியைப் பக்கத்து அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தியிருக்கிறேன், கம்பி மட்டும் கதவிடுக்கில் வருகிறது. யூடியூபுக்கும் ஃபேஸ்புக்குக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்குக் கூடுதல் ஏற்பாடு வேண்டும். நான் யூடியூபோடு நிறுத்திக்கொண்டேன்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. யூடியூபில் நேரலை வசதியை முதன்முறை இயக்கும்போது அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். கச்சேரி நாள் காலையில் அதைத் தொடாதீர்கள். முதல் இரண்டு முறை 'அன்லிஸ்டட்' என்று வைத்து, இணைப்பை நாலு பேருக்கு மட்டும் கொடுத்துப் பாடுங்கள். அந்த நாலு பேரில் ஒருவராவது சங்கீதம் தெரிந்தவராக, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்பவராக இருக்கட்டும். எனக்குப் பெரியப்பா இருக்கிறார். ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் பாடாமல் ஒரு நிமிடம் தம்புராவை மட்டும் ஓடவிடுகிறேன். "கேட்கிறது, ஆரம்பி" என்று அவர் எழுதிய பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.