மண்டபம் மாடிவீட்டு பிரிட்ஜ் கிளாஸ்: எட்டு நாள் போய்ட்டு வந்தவன் சொல்றேன்

ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், நம்ம பக்கம் பாதி பேருக்கு சாயங்காலம் வெட்டிதான். அந்த நேரம் பாத்து மண்டபத்துல ரிட்டயர்டு சார் ஒருத்தர் வீட்டு மாடியில பிரிட்ஜ் சீட்டாட்டம் சொல்லித்தர்றார்னு கேள்விப்பட்டு 1,500 ரூபா கட்டி சேந்தேன். எட்டு சாயங்காலம். பிரிட்ஜ் கத்துக்கப் போறேன்னு பஸ்ல சொன்னா கண்டக்டர் பாம்பன் பாலத்துக்கு டிக்கெட் கிழிச்சிட்டாரு, அது தனிக்கத.

இருபத்தெட்டு, 304ன்னு நம்மூரு சீட்டாட்டம் ஆடுன கைதான் நமக்கு. கேள்வி கேக்குறது (அதாவது ஏலம்), துருப்பு, வெட்டு எல்லாம் தெரியும், அதனால மொத ரெண்டு நாள் போர். கை பலத்துக்குப் புள்ளி எண்ணுறது, ஓப்பனிங்னு மொத ஏலம் கேக்குறது, இதெல்லாம் யூட்யூப்லயே கெடக்கு. காசு குடுத்ததுக்கு வொர்த் அஞ்சாம் நாள்தான். நாம நாலு ஸ்பேடு கேட்டாச்சு (ஸ்பேடு துருப்பு, ஆறோட நாலு சேத்து பத்து பிடி, அதாவது பத்து சுத்து ஜெயிப்போம்னு ஏலம்), எதிராளி அஞ்சு ஹார்ட்டின்னு ஏறிட்டான், இப்ப பாஸா, டபுளா (அவன் தோப்பான்னு பந்தயத்த ஏத்துறது), அஞ்சு ஸ்பேடா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சார் மூணு மணி நேரம் எடுத்தாரு.

சார் மொதல்ல குடுத்தது ஒரு கணக்கு. ஜான் ரெனே வெர்ன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1969ல எழுதுனது. ரெண்டு பக்கமும் அவங்கவங்க துருப்புல எத்தன சீட்டு வச்சிருக்காங்களோ அத கூட்டுனா, ரெண்டு பக்கமும் எடுக்கக்கூடிய மொத்த பிடி ஏறக்குறைய அதுதான் வரும்னு. எனக்கு ரொம்ப புடிச்சுப் போச்சு, அங்கதான் மாட்டுனேன்.

என் பார்ட்னர் கீழக்கரை காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் கூப்புடுவாங்க), நண்டு வியாபாரம் பண்றவர். காக்கா ஒரு ஸ்பேடு ஓப்பன், பக்கத்து ஆள் ரெண்டு ஹார்ட்டின், எங்கிட்ட அஞ்சு ஸ்பேடு இருக்கு, ஹார்ட்டின் ஒத்த சீட்டு, நேரா நாலுக்குப் போய்ட்டேன். அவங்க அஞ்சு ஹார்ட்டின். காக்கா பாஸ். எனக்கு கை சும்மா இருக்கல, அஞ்சு ஸ்பேடு கேட்டேன், டபுள் விழுந்துச்சு. ஒம்பது பிடிதான் வந்துச்சு, ரெண்டு கொறச்சல், நாங்க வல்னரபிள் (தோத்தா நஷ்டமும் ஜெயிச்சா போனஸும் கூடுற நெலம) இல்ல, அதனால 300 நஷ்டம். காக்கா கையில ஹார்ட்டின்ல ராணி, ஜாக்கி, பத்து! எதிராளி துருப்புல ஒரு பிடி உறுதி, அவங்க ஆட்டம் ஒரு பிடியில விழுந்திருக்கும், அவங்க வல்னரபிள், சும்மா இருந்தா 100 நமக்கு.

காக்கா சிரிக்கவே இல்ல. "தம்பி, ஏலத்துல வெலைய ஏத்தி விட்டது நீ. அவன் தலையில கட்டிட்டு நகராம நீயே திரும்ப ஏறி சரக்க தூக்கிட்டு வந்திருக்க. எங்கூட நண்டு எடுக்க வந்துறாத"ன்னாரு.

அப்பறம்தான் சார் போர்டுல எழுதுனாரு. நாங்க பத்து ஸ்பேடு, அவங்க ஒம்பது ஹார்ட்டின், மொத்தம் 19. அவங்க 11 பிடி எடுத்தா நமக்கு 8, டபுள்ல 500 போகும், அவங்க ஆட்டம் 650, மிச்சம் 150தான். அவங்க 10 எடுத்தா நான் பட்ட கததான். அஞ்சுக்கு மேல அஞ்சு ஏறணும்னா மொத்தம் 21 பக்கம் வந்தா நல்லது, 20ன்னா யோசிக்கணும், 19ன்னா வாய மூடிட்டு இருக்கணும். கிளாவர், டைமன் மாதிரி இன்னொரு கலர்லயும் ரெண்டு பேருக்கும் சீட்டு நெறைய ஒட்டுச்சுன்னா பிடி கூடும், எதிராளி துருப்புல ராணி ஜாக்கி மாதிரி சில்லற படம் வச்சிருந்தா கொறையும். அதோட ஒருதடவ நேரா நாலுக்குத் தாவி கைய சொல்லிட்டா மேற்கொண்டு முடிவு பார்ட்னரோடது, நான் திரும்ப வாயத் தொறந்திருக்கவே கூடாது.

நல்லா இருந்துச்சு, ஆனா இத மொதல்லயே சொல்லியிருந்தா என்ன சார்? கணக்க குடுத்துட்டு விதிவிலக்க அடி வாங்குன அப்பறம் குடுக்குறது இவரோட ஸ்டைல் போல. இன்னொண்ணு, நமக்கு பலம் அதிகம்னு தெளிவா தெரியுறப்ப எதிராளி ஏலத்துக்கு மேல பாஸ் சொன்னா அது நெசமான பாஸ் இல்ல, டபுளா மேல ஏறுறதான்னு பார்ட்னர் முடிவு பண்ணணும்னு அர்த்தம். இவ்வளவு முக்கியமான சமாச்சாரத்த கடைசி நாள் பத்து நிமிஷத்துல தள்ளி விட்டாரு, அதுக்கு ஒரு ஸ்டார் கொறைக்கிறேன். நோட்ஸ் பூரா இங்கிலீஷு, காக்கா அத வாங்கி மடிச்சு பைல வச்சதோட சரி, ஆனா கிளாஸ்லயே சரியா ஆடுனது அவருதான்.

மத்தபடி மாடியில காத்து பிச்சு எடுக்கும், சீட்டு பறக்காம இருக்க வலைக்குக் கட்டுற ஈயக்குண்ட மேல வச்சிருப்பாரு, உப்புக் காத்துல சீட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரு தடவ எனக்கு பதினாலு சீட்டு வந்துருச்சு. பிட்டிங் பாக்ஸ்னு ஏலம் சொல்ற அட்டைப் பெட்டி கெடையாது, துண்டு அட்டையில எழுதி வச்சிருக்காரு, டீ மட்டும் பிரமாதம்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ரம்மி ஆடுற ஆளுங்க போகாதீங்க, நொந்துருவீங்க. 304 ஆடுனவங்க பார்ட்னரோட சேந்து போங்க, தனியா போனா யாராவது ஒரு நண்டு வியாபாரிகிட்ட ஒங்கள கோத்து விட்டுருவாரு. ராம்நாட் திரும்புறவங்க பஸ் நேரத்த மொதல்லயே சார்கிட்ட சொல்லிருங்க, போர்டு முன்னாடி நின்னுட்டா மனுசன் கடியாரம் பாக்க மாட்டாரு.