ரிசர்வ் எவ்வளவு தூரம் தாங்கும்? என் 150 சிசி பைக்கில் பார்த்தது

கார்புரேட்டர் வைத்த இந்த பைக்கை எட்டு வருடமாக ஓட்டுகிறேன். இன்ஜின், பிரேக் எல்லாம் திருப்திதான். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது டேங்குக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன பெட்ரோல் டேப்.

ரிசர்வுக்குத் தனி டேங்க் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டேங்குக்குள் ஒரு நெட்டைக் குழாய் நிற்கிறது. டேப் ‘ஆன்’ நிலையில் இருந்தால் பெட்ரோல் அதன் வாய் வழியாகத்தான் இறங்கும். மட்டம் அதற்குக் கீழே போனதும் வண்டி திக்கித் திணறும். ‘ரிசர்வ்’ பக்கம் திருப்பினால் அடித்துளை திறக்கும், அவ்வளவுதான்.

கையேட்டில் ரிசர்வ் 1.5 லிட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் 67 வர வேண்டும். சரி, பார்த்துவிடலாம் என்று கேனில் ஒரு லிட்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். 58-லேயே நின்றுவிட்டது. டேங்கின் நடுவில் மேடு இருப்பதால் மறுபக்கம் கொஞ்சம் தேங்கிவிடுகிறது. டேப் இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்துப் பிடித்தேன். களக் என்று சத்தம் கேட்டது, இன்னும் மூன்று கிலோமீட்டர் ஓடியது. பின்னால் ஆள் இருந்தாலோ எதிர்காற்று அடித்தாலோ இதுவும் வராது. அதனால் 40 என்றே கணக்கு வைத்திருக்கிறேன்.

ஒரே குறை, டேப்பின் எழுத்து அழிந்துபோய்விட்டது. ஒருமுறை பெட்ரோல் போட்டபின் ‘ஆன்’ நிலைக்குத் திருப்ப மறந்து, அடுத்த தடவை ரிசர்வே இல்லாமல் இருட்டில் நின்றேன். இப்போது டேங்க் மூடியைப் பூட்டியதும் கை தானாக டேப்புக்குப் போகிறது.