டிக்கியாவுக்கு வாங்கிய வெல்டிங் கையுறை

தள்ளுவண்டிக்காரர் அன்னாசியைக் கொண்டையோடு பிடித்துக்கொண்டு தோல் சீவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பத்துச் செடிதான் டிக்கியா. ஆனால் இதைக் கொண்டையில் பிடித்துத் தூக்கினால் அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது. இலையின் இரண்டு ஓரங்களிலும் ரம்பப் பல் போல வளைந்த முள். என்னிடம் இருப்பவற்றில் பலவும், கையை உள்ளே விடும்போது சாதுவாக இருந்துவிட்டு வெளியே இழுக்கும்போதுதான் கவ்வும்.

கோவையில் எங்கள் மொட்டை மாடியில் 43 தொட்டிகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் டிக்கியா, ஏழெட்டு ஹெக்டியா என்ற மெக்சிகோ நாட்டு முட்செடி, மீதி கள்ளி வகைகள். எனக்குச் சர்க்கரையும் உண்டு. போன மார்ச்சில் சுட்டுவிரலில் ஏறிய ஒரு முள் சீழ் கட்டி பத்து நாள் படுத்திவிட்டது. "ஒன்று செடியை விடுங்கள், இல்லை கையுறை போடுங்கள்" என்றார் டாக்டர். ஓய்வு பெற்ற பிறகு பிடித்த ஒரே பைத்தியம் இது, விடுவதாக இல்லை. ஆகவே கையுறை.

முதலில் இணையத்தில் 340 ரூபாய்க்கு வாங்கியது, சாம்பல் நிறப் பின்னல் கையுறை. "வெட்டுத் தடுப்பு, நிலை 5" என்று விளம்பரம். உள்ளங்கையில் ஒருவர் கத்தியை இழுப்பது போல் படம். பொய் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கும் கத்தியால் நானே அழுத்தி இழுத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட அறவில்லை. ஆனால் டிக்கியா வெட்டுவதில்லை, குத்துகிறது. பின்னலின் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே முள் சுகமாக உள்ளே வந்தது. கையை இழுத்தபோது கையுறை செடியோடு நின்றுவிட்டது, கை மட்டும் வந்தது.

அதன் பிறகுதான் கையுறையின் முதுகில் அச்சிட்டிருந்ததை ஒழுங்காகப் படித்தேன். சிறிய சுத்தியல் படம், இ.என். 388 என்ற ஐரோப்பியத் தர எண், அதன் கீழே 4543. முதல் இலக்கம் உராய்வுக்கு, இரண்டாவது வெட்டுக்கு, மூன்றாவது கிழிசலுக்கு, நான்காவது குத்துக்கு. விளம்பரத்தில் பெருமையடித்த 5 இரண்டாவது இலக்கம். எனக்கு வேண்டியது நான்காவது. அதையும் முழுதாக நம்ப வேண்டாம். அந்தச் சோதனையில் குத்திப் பார்ப்பது பருத்த எஃகுக் கம்பியால், ஊசியால் அல்ல. டிக்கியா முள்ளின் நுனி ஊசியின் சாதி.

அடுத்து, ரப்பரில் முக்கியெடுத்த தோட்டக் கையுறை. உள்ளங்கையில் ரப்பர், புறங்கையில் வெறும் துணி. டிக்கியா கடிப்பதே புறங்கையையும் மணிக்கட்டையும்தான். ரோஜாவோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு அது சரி.

கடைசியில் கணபதி பகுதியில் ஒரு ஹார்டுவேர் கடையில் வெல்டிங் கையுறை கேட்டேன்.

"வீட்டில் பட்டறை வைத்திருக்கிறீர்களா அம்மா?"

"இல்லை தம்பி, செடிக்கு."

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். "தீப்பிடிக்கிற செடியா?" என்று கேட்டுவிட்டு 280 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

முரட்டு மாட்டுத்தோல், 14 அங்குல நீளம், முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை ஏறுகிறது. உள்ளே பருத்தித் துணி. தையல் ஓரங்களில் தனியாக ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். பொறி பட்டு நூல் கருகாமல் இருக்கவாம். நமக்கு அது வேறு வகையில் உதவுகிறது, முள் முதலில் தேடுவது தையல் துளையைத்தான். முதல் வாரம் அட்டைப் பெட்டிக்குள் கை நுழைத்த மாதிரி இருந்தது. நாலைந்து முறை போட்ட பின் விரல் மடங்கியது.

சோதனைக்கு எடுத்தது ஒன்பது தலை வைத்துத் தொட்டியையே பிதுக்கிவிட்ட ஒரு டிக்கியாவை. பூத்த பிறகு தாய்ச்செடி சாகாமல் பக்கத்திலேயே கன்று தள்ளிக்கொண்டு போகும் குணம் இதற்கு. நாலு வருடம் விட்டால் முள் பந்தாகிவிடும். தொட்டியைச் சாய்த்து உருட்டித் தட்டி வெளியே எடுத்தேன். இடக்கையைக் கன்றுகளுக்கு நடுவே அடிவரை இறக்கி, ஒரு கன்றின் கழுத்தைப் பிடித்துத் திருகினேன். தோலின்மேல் முட்கள் கரகரவென்று இழுபடும் சத்தம் கேட்டது, ஒன்றும் உள்ளே வரவில்லை. மளுக்கென்று கன்று வேரோடு கையில் வந்தது. ஒன்பதையும் பிரித்து முடித்தபோது ஒரே ஒரு குத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், தோல் பட்டை வைக்காமல் விட்ட இடத்தில். வாங்கும்போது அந்த இடத்தை விரித்துப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. பிரேசில் நாட்டு டிக்கியா மார்னியர்-லபோஸ்டோலி என்னிடம் ஒன்று இருக்கிறது, வெள்ளி பூசியது போன்ற இலை. அந்த வெள்ளி, இலைமேல் படிந்திருக்கும் நுண்செதில். முரட்டுத் தோல் அதை வழித்தெடுத்துவிட்டது. மூன்று விரல் தடமும் பச்சையாக நிற்கின்றன. வழித்த இடத்தில் திரும்ப வராது, புது இலை வந்து பழையது கீழே போகும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தச் செடிக்கு இனிக் கையுறை கிடையாது. செய்தித்தாளை நாலாக மடித்து, இடுப்புவார் போல அடியில் சுற்றித் தூக்குகிறேன்.

சப்பாத்திக்கள்ளிப் பக்கமும் இதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அதன் பூ முள், அதாவது மயிர் போன்ற சின்னஞ்சிறு முள், தோலில் தங்கி, அடுத்த வாரம் கையுறையைக் கழற்றும் விரலில் ஏறும். கள்ளிப்பாலையும் தோல் குடித்துக்கொள்ளும்; அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தால் கண்ணுக்கு ஆபத்து.

டிக்கியா என்ற பெயரே சால்ம்-டிக் என்ற ஜெர்மானியச் சிற்றரசரின் பெயரால் வந்தது. 1773இல் பிறந்து 1861இல் மறைந்த அவரும் சதைப்பற்றுச் செடிப் பித்தர்தான். அரண்மனையில் களை பிடுங்க ஆள் இருந்திருக்கும். எனக்கு இல்லை, டிக்கியா இலைகளுக்கு நடுவே புளியாரை முளைத்தால் நான்தான் பிடுங்க வேண்டும். வெல்டிங் கையுறை போட்ட விரலுக்குப் புளியாரைத் தண்டு எது, முள் எது என்று தெரியாது. அறுவை சிகிச்சைக் கருவிகள் விற்கும் கடையில் 12 அங்குல இடுக்கி ஒன்று வாங்கினேன். இப்போது இடக்கையில் தோல், வலக்கை வெறுங்கை, அதில் இடுக்கி. ஆறு மாதமாக ஒரு குத்துகூட இல்லை.

இதனால் ஒரு சிக்கல், இடக்கை உறை மட்டும் தேய்கிறது. போன வாரம் மூன்றாவது ஜோடி வாங்கப் போனபோது, இடக்கை மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன். தம்பி சிரித்துவிட்டு ஜோடியாகத்தான் கட்டிக் கொடுத்தார். மாடிப்படிக்கு அடியில் மூன்று வலக்கை உறைகள் புத்தம் புதிதாகக் கிடக்கின்றன. இடக்கையால் இடுக்கி பிடிக்கும் முட்செடிக்காரர் யாராவது கோவையில் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம், ஒரு கன்று கொடுத்தால் போதும்.