கரிப் பொட்டலமா, ஆல்பா டிராக்கா, டிஜிட்டல் மானிட்டரா? வீட்டில் ரேடான் அளந்த கதை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரில் வீடு வாங்கினோம். 1960களில் கட்டிய வீடு, கீழே பேஸ்மென்ட். என் வேலையும் மகளின் படிப்பும் அங்கேதான். குடிவந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டது, ரேடான் பார்த்தீர்களா என்பதைத்தான்.

இந்த மாநிலத்தில் அது சம்பிரதாயக் கேள்வி இல்லை. பழைய பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மண் இது. அதிலுள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, கடைசியில் நிறமும் மணமும் இல்லாத ரேடான் வாயுவாகத் தரை விரிசல் வழியே மேலே வருகிறது. அயோவாவின் 99 கவுன்ட்டிகளையும், அதாவது மாவட்டங்களையும், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ரேடான் அதிகமுள்ள பகுதியில்தான் வைத்திருக்கிறது. காற்றில் லிட்டருக்கு 4 பிகோகியூரியை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தொட்டால் வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். புகைபிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் முதல் காரணம் ரேடான் என்பதும் அவர்கள் கணிப்பு. பேஸ்மென்ட் என் மகள் தினமும் நான்கு மணி நேரம் உட்காரும் இடம் என்பதால் எனக்கு இதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதலில் வாங்கியது கரிப் பொட்டலம், காற்றிலுள்ள ரேடானைக் கரியில் பிடித்துவைக்கும் சோதனைப் பை. விலை மலிவு, இரண்டு முதல் ஏழு நாள் திறந்துவைத்து, மூடி ஒட்டி, ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். எல்லோரும் தொடங்குவது இதில்தான். ஆனால் எங்கள் ஊர் மாதிரி இடங்களில் இதற்கு ஒரு பெரிய எதிரி உண்டு: தபால்.

கரி பிடித்துவைத்திருக்கும் ரேடானின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 3.8 நாள். அதாவது உறை பையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் மாதிரி கரைந்துகொண்டே இருக்கிறது. எட்டு நாள் போனால் கால் பங்குகூட மிஞ்சாது. தாமதத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் ஆய்வகம் விடை சொல்கிறது, என்றாலும் ஒரு எல்லை தாண்டினால் எண்ணுவதற்கு எதுவும் இருக்காது. நான் வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினேன். சனி, ஞாயிறு, திங்கள் விடுமுறை, அப்புறம் பனிப்புயல். மாதிரி காலம் கடந்து வந்தது, கணக்கிட இயலாது என்று பதில் வந்தது. இரண்டாவது பொட்டலத்தைத் திங்கள் காலையில் அனுப்பினேன், அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜனவரி அளவு 7.1. ஆகஸ்டில் இன்னொன்று வைத்தேன், 2.8.

எதை நம்புவது? இரண்டும் அந்தந்த நாளுக்குச் சரியாகவே இருக்கலாம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறி வெளியேற, அந்த வெற்றிடத்தை நிரப்ப மண்ணுக்குள் இருக்கும் காற்றை வீடு உறிஞ்சுகிறது. காற்றழுத்தம் இறங்கும் நாளிலும் அளவு ஏறும். அதுபோக, கரி பிடித்ததைத் திரும்ப விடவும் செய்யும். அதனால் மூடுவதற்கு முந்தைய ஒரு நாளின் அளவே விடையில் தூக்கலாக விழும்.

இந்த இடத்தில்தான் ஆல்பா டிராக்குக்கு மாறினேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன டப்பா, உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு. ரேடானும், அது சிதைந்து உருவாகும் வாரிசுத் தனிமங்களும் உமிழும் ஆல்பா துகள் படும் இடத்தில் நுண்ணிய தழும்பு விழுகிறது. ஆய்வகத்தில் காரக் கரைசலில் ஊறவைத்தால் தழும்புகள் குழியாகி நுண்ணோக்கியில் தெரியும். எண்ணிப் பார்த்துச் சராசரி சொல்வார்கள். தழும்பு கரையாது. தபால் பத்து நாள் ஆனாலும் ஏற்கெனவே விழுந்த தழும்பு அப்படியே இருக்கும் என்பதே எனக்குப் போதுமான காரணம். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஜன்னலைச் சாத்திவைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நாம் எப்படி வாழ்கிறோமோ அப்படியே அளக்கும். 90 நாளுக்கு மேல் வைத்தால் நீண்டகாலச் சோதனை என்பார்கள். நான் முழு ஆண்டு வைத்தேன். 5.3 வந்தது.

அயோவா பல்கலைக்கழகத்தினர் 2000-ல் வெளியிட்ட நுரையீரல் புற்றுநோய் ஆய்விலும், இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்களின் வீடுகளில் ஓராண்டு வைத்து அளந்தது இதே கருவியைத்தான். அதைப் படித்தபோது என் தேர்வின் மீது நம்பிக்கை கூடியது.

குறை உண்டு. ஒரு வருடம் காத்திருக்கும் பொறுமை வேண்டும். வீடு வாங்கும்போது பத்து நாளில் முடிவு சொல்ல வேண்டுமென்றால் இது உதவாது, கரியோ தொழில்முறை ஆளோதான் வழி. முதல் அளவே 8-க்கு மேல் என்றால் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே இன்னொரு குறுகிய சோதனை செய்து, வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

டிஜிட்டல் மானிட்டரைப் பற்றி நான் அதிகம் பேசுவது நியாயமாகாது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஆறு வாரம் இரவல் வாங்கிப் பார்த்ததோடு சரி. மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு விலை, ஆனால் ஒரு வீட்டில் வாங்கினால் தெருவே பயன்படுத்தலாம். தினமும் எண் மாறும். காலையில் 9, மாலையில் 3 என்று பார்த்து என் மனைவி இரண்டு இரவு தூங்கவில்லை. நீண்ட சராசரியை மட்டும் பார்க்கப் பழகியவர்களுக்கு நல்ல கருவி. எத்தனை ஆண்டு துல்லியம் மாறாமல் இருக்கும் என்பதை என் அனுபவத்தில் சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அது முந்துகிறது. 5.3 வந்த பிறகு தரைக்கடியிலிருந்து குழாய் போட்டு, விசிறி வைத்து, வாயுவைக் கூரைக்கு மேலே தள்ளும் அமைப்பைச் செய்தோம். அந்த விசிறி என்றைக்காவது நின்றால் ஆல்பா டிராக் எச்சரிக்காது. குழாயில் மாட்டிய திரவ மானி காட்டும், ஆனால் அதை நாம் போய்ப் பார்க்க வேண்டும். நான் துணி துவைக்க இறங்கும்போதெல்லாம் பார்த்துவிடுகிறேன்.

விசிறி போட்ட பிறகு வைத்த அடுத்த ஆல்பா டிராக்கில் 1.2. இப்போது மூன்றாவது டப்பா மகளின் மேசைக்கு மேல் அலமாரியில் இருக்கிறது. கூடவே இரண்டு வரவழைத்தேன். ஒன்று பெரியவருக்கு, இன்னொன்று எதிர்வீட்டில் கைக்குழந்தையோடு புதிதாகக் குடிவந்தவர்களுக்கு.