ஃபியூவல் ப்ரெஷர் கேஜ் மாட்டக் கொடுக்கப் போகிறீர்களா?

காரில் ஃபியூவல் ப்ரெஷர் கேஜ் மாட்டுவதற்காக வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். எனக்கு நன்றாக இருந்த ஒரு ரெகுலேட்டர் (பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) போயிற்று, கேஜோடு வந்த சென்சார் போயிற்று. போதாததற்குச் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசியக் கசிய வண்டியை என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

என்னுடையது சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். மேட்டில் ஏறும்போது திணறியது. பம்ப் தரும் அழுத்தம் லோடில் விழுகிறதா என்று ஓட்டும்போதே பார்க்கலாம் என்றுதான் எலெக்ட்ரிக் கேஜ் செட் வாங்கிக் கொடுத்தேன். சென்சார், வயர், கேஜ் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை. சென்சார் 150 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) வரை அளப்பது.

வேலை முடிந்ததென்று கூப்பிட்டார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, பம்ப் ஓடியதும் கேஜைப் பார்த்தால் 65. இந்த எஞ்சினுக்கு 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐதான் இருக்க வேண்டும். "ரெகுலேட்டர் போச்சு சார், அதான் மேட்டுல திணறுது" என்றார்கள். சரி என்று புதிது போட்டாயிற்று. அப்புறமும் அதே 65. அடுத்து பம்பையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கேதான் எனக்கு இடித்தது. கம்பெனி பம்ப் வயதானால் அழுத்தம் குறையுமே தவிர ஏறாது. உண்மையிலேயே இவ்வளவு அழுத்தம் இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போய், ஸ்பார்க் பிளக் கரி படிந்திருக்கும், புகை கறுப்பாக வரும். என் வண்டியில் இரண்டுமே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறொரு மெக்கானிக் ஃபியூவல் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயில், இருக்கும் டெஸ்ட் வால்வில், டயர் வால்வு மாதிரியே இருக்குமே அதில், முள் வைத்த சாதாரண கேஜை மாட்டினார். முள் 43-க்கும் 44-க்கும் நடுவில் நின்றது. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து சென்சாரின் சிக்னல் வயரில் வைத்தார்: 2.24 வோல்ட். சென்சாரைத் துடைத்துப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்தது. அதன் மேல் 100 பிஎஸ்ஐ என்று அடித்திருந்தது. நான் வாங்கிக் கொடுத்தது அது இல்லை!

இந்த வகை சென்சாருக்கு 5 வோல்ட் போகும். அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட்டும், முழு அளவில் 4.5 வோல்ட்டும் திருப்பித் தரும். 100 பிஎஸ்ஐ சென்சாரில் 2.24 வோல்ட் என்றால் 43.5. அதே வோல்ட்டை 150 பிஎஸ்ஐ சென்சாரிடமிருந்து வருவதாக நினைத்துக்கொள்ளும் கேஜ் 65 என்று காட்டும். அழுத்தம் துளியும் இல்லாதபோது இரண்டு சென்சாருமே அதே 0.5 வோல்ட்டைத்தான் தரும், கேஜ் பூஜ்யத்தில்தான் நிற்கும். அதனால் முள் பூஜ்யத்தில் நிற்கிறதே, ஏறுகிறதே என்று பார்த்து நம்பிவிட முடியாது. கடைசியில் ரெகுலேட்டரும் நல்லது, பம்பும் நல்லது. ஃபில்டர் அடைத்திருந்ததால்தான் லோடில் திணறல்.

கசிவு இதைவிட மோசம். வண்டி எடுத்த அன்றே பெட்ரோல் வாடை அடித்தது. கேட்டதற்கு, புது ஹோஸ் வாசனை, போகப் போகப் போய்விடும் என்றார்கள். சென்சாரைக் கழற்றியபோது மரை முழுக்கத் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப். பெட்ரோலில் ஊறி நாராகப் பிரிந்து, சில இழைகள் டீ-யின் (சென்சாரை மாட்ட பெட்ரோல் லைனில் போடும் T வடிவ இணைப்பு) வாய்க்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தன. ஓர் இழை உள்ளே போனாலும் நேராக இன்ஜெக்டர்தான். டேப்பை உரித்தால் அடியில் இன்னொன்று: சென்சாரின் மரை 1/8 என்பிடி, டீ-யின் மரை 1/8 பிஎஸ்பி. இரண்டும் வெவ்வேறு மரை அளவு முறைகள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவதில் அங்குலத்துக்கு 27 மரை, 60 டிகிரி. இரண்டாவதில் 28 மரை, 55 டிகிரி. கொஞ்சம் ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும், சீல் ஆகாது. அதை மறைக்கத்தான் அவ்வளவு டேப். பெட்ரோல் ஆவி, தண்ணீரின் உறைநிலைக்கு வெகு கீழே, மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே தீப்பற்றக்கூடியது. எஞ்சின் மேல் சொட்ட விட்டுவிட்டு அதை வாசனை என்றவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். என் சென்சார் இறுக்கும்போது உடைந்துவிட்டதாம், கையில் இருந்ததைப் போட்டார்களாம். அதை ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் இல்லை. கழற்றிய ரெகுலேட்டர் குப்பைக்குப் போய்விட்டதாம். பில்லில் சென்சார் மாற்றியது பற்றி ஒரு வரி கிடையாது.

ஆகவே பெட்டியைக் கொடுக்கும் முன் சென்சார் மேல் அடித்திருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். கழற்றும் எந்தப் பாகமும் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேஜ் காட்டும் எண்ணை வைத்து எதையாவது மாற்றச் சொன்னால், இன்னொரு கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டேப் வேண்டாம், பெட்ரோல் தாங்கும் சீலன்ட் பேஸ்ட் போடச் சொல்லுங்கள்; முதல் ஓரிரு மரையில் அதுவும் கூடாது. சென்சாரை டீ-யில் நேராகத் தொங்க விட்டால் அதிர்விலேயே டீ-யின் பித்தளை விரிசல் விடலாம். குட்டையான பின்னல் ஹோஸ் போட்டு, சென்சாரை பாடியில் கிளாம்ப் செய்வதுதான் சரி. ஹோஸ் இன்ஜெக்‌ஷனுக்கானதாக இருக்க வேண்டும், கார்புரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஆகாது. வண்டியை எடுக்கும்போது பானட்டைத் திறந்து வைத்து, பம்பை ஓட விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். துளி ஈரம் தெரிந்தாலும் எடுக்காதீர்கள்.

டீசல் காமன் ரெயில், நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் எஞ்சினில் ஹை ப்ரெஷர் பக்கம் இந்தக் கேஜ் வேலையே கூடாது. அழுத்தம் பெட்ரோலில் 200 பாரையும், டீசலில் 2000 பாரையும் தாண்டிக்கூடப் போகும். ஊசிமுனை அளவு கசிவே தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்; வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம் அது. அந்தப் பக்கம் டீ போட்டு சென்சார் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.